டேப்பட் சத்தம்

காரிமங்கலத்தில் 25 வருடமாக டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. பில் புத்தகம்தான் நான் எழுதிய பெரிய புத்தகம். போன மாதம் கடைக்கு வந்த ஒருவர், "வளர்ப்புப் பிள்ளைதானே, இன்னும் அதையே நெனச்சிக்கிட்டு இருக்கீங்களே" என்றார். அவர்மேல் கோபமில்லை. செயின் ஸ்பிராக்கெட் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்தத் "தானே" மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. இப்படி அரசுப் பொறுப்பில் இருந்து வரும் பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியே போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். அவன் போன பிறகும் அதை மீற மனசு வரவில்லை. கடையில் ஏற்கெனவே ஒரு பெரியவன் இருந்ததால் இவன் சின்னவன் ஆனான். இங்கேயும் சின்னவன் என்றே இருக்கட்டும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தத்து எடுக்கலாம் என்று விசாரிக்கப் போன இடத்தில்தான் வளர்ப்புப் பராமரிப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. இரண்டும் வேறு. தத்து எடுத்தால் பிள்ளை சட்டப்படி நமக்கே பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளை நம் வீட்டில் வளரும், பொறுப்பு குழந்தைகள் நலக் குழுவின் கையில் இருக்கும். 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், பிறகு குழு ஆணை கொடுக்கும். பிள்ளையின் செலவுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று இருந்தது, மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டம் வந்த பிறகு 4,000 ஆனது. பணத்துக்காக எடுக்கிறார்கள் என்று ஊரில் பேசத்தான் செய்வார்கள். பத்து வயசுப் பையனுக்குச் செருப்பும் நோட்டும் டியூஷனும் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும்.

2017 ஜூனில் வந்தான். அப்பா இல்லை. அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், எங்கே போனார் என்றே தெரியவில்லை. ஏரியூர்ப் பக்கம் ஒரு பாட்டி மட்டும். அவருக்குப் பார்வை மங்கல், கூலி வேலை. பாட்டி இருந்ததால் தத்து என்ற பேச்சே எழவில்லை. தெருவில் முதலில் கேட்ட கேள்வி "என்ன சாதிப் பையன்?" என்பதுதான். "ரெண்டு கால், ரெண்டு கை இருக்கு" என்றாள் என் மனைவி. அதோடு அந்தப் பேச்சு நின்றது, குறைந்தபட்சம் எங்கள் காதில் விழுகிற அளவுக்கு.

குழந்தைகள் இல்லத்தில் பழகியதால் என்னை சார் என்றுதான் கூப்பிட்டான். சாப்பாட்டை ஒளித்து வைப்பான். ஸ்பேனர் பெட்டிக்குள் கடலை மிட்டாய், தலையணைக்கு அடியில் காய்ந்த களி உருண்டை. திட்டலாம் என்று வாய் திறந்தேன், மனைவி தடுத்துவிட்டாள். அவன் கைக்கு எட்டுகிற அலமாரியில் மூடி போட்ட ஒரு டப்பா வைத்து, "இது உன்னுது, யாரும் தொடமாட்டாங்க, காலியானா நான் ரொப்புவேன்" என்றாள். தீபாவளிக்குள் ஒளிக்கிற பழக்கம் போய்விட்டது. இப்படிப் பிள்ளை வளர்க்கிறவர்கள் யாராவது என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இந்த டப்பாவைத்தான் சொல்வேன்.

அடுத்த வருடம் முழங்கால் வலி என்றான். இங்கேதான் எங்கள் ஊர்க் கதையைச் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாருக்கு மூட்டு வலித்தாலும் ஒரே பதில்: தண்ணி. போர் தண்ணியில் ப்ளோரைடு. என் அம்மாவுக்கு முதுகு வளைந்ததும், என் வயசுக்காரர்கள் பல் பழுப்பேறியதும் அதனால்தான். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் பழைய பேச்சு மாறவில்லை. அதனால் சின்னவன் கால் வலி என்றதும் நானும் தண்ணிதான் என்றேன். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். நாலு நாளில் முழங்கால் சரியாகி கணுக்கால் வீங்கியது. அப்புறம் அது வடிந்து முழங்கை. வலி இடம் மாறுகிறதே என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். ப்ளோரைடு வலி வருடக்கணக்கில் மெதுவாக ஏறும், இப்படி வாரத்துக்கு ஒரு மூட்டாகத் தாவாது. அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் அவனுக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து போயிருந்தது. இரண்டையும் நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை.

கண்டுபிடித்தது, பள்ளிக்கூடங்களுக்கு வண்டியில் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு. அந்த டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லையாம். சீட்டு எழுதி அனுப்பினார். தர்மபுரியில் எக்கோ என்ற இருதய ஸ்கேன் எடுத்தார்கள். ருமாட்டிக் காய்ச்சல், அது இருதய வால்வைப் பிடித்துவிட்டது என்றார்கள்.

தொண்டையில் வரும் ஒரு வகைக் கிருமியை எதிர்க்கப் போய் உடம்பே தன் மூட்டையும் இருதயத்தையும் தாக்கிக்கொள்வது இந்த நோய். பெரும்பாலும் 5 வயதில் இருந்து 15 வயதுக்குள் வரும். மூட்டு வீக்கம் தழும்பில்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த சேதம் போகாது. "வால்வு சரியா மூடல, ரத்தம் திரும்பி வருது" என்று டாக்டர் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்தபோது, "சீட்டிங் போயிடுச்சு, கம்ப்ரஷன் லீக்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் என்றால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பேன், இல்லாவிட்டால் வால்வையே மாற்றுவேன். அங்கேயும் அதே இரண்டு வழிதான் இருந்தது. இவனுக்கு இரண்டாவது.

அது வரைக்கும், அதற்குப் பிறகும், 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி. ஏற்கெனவே கெட்ட வால்வை அந்த ஊசி சரிசெய்யாது. கிருமி திரும்ப வந்து மேலும் கெடுக்காமல் காக்கும். இடுப்பில் போடுவார்கள், கெட்டியான மருந்து, நல்ல வலி. இரண்டு நாள் நொண்டுவான். வால்வு கெட்டவர்களுக்கு 40 வயது வரை, சிலருக்கு அதற்கு மேலும் போட வேண்டியிருக்கும். ஒரு தனியார் கிளினிக்கில் அலர்ஜி பயத்தில் போட மறுத்தார்கள். அவர்கள் பயத்தையும் குறை சொல்ல முடியாது, ஆனால் பிள்ளையை அழைத்துக்கொண்டு அலைகிறவனுக்கு அது தெரியாது. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்தான் கடைசிவரை போட்டார். போனில் 21 நாளுக்கு ஒரு நினைவூட்டல் வைத்துக்கொண்டேன். 2020 ஊரடங்கில் பஸ் இல்லாதபோதுகூட ஒரு ஊசி தவறவில்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் உட்கார வைத்து, நாலு இடத்தில் போலீசுக்குச் சீட்டைக் காட்டிக்கொண்டு போவேன்.

2019-இல் சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் ஆபரேஷன். உலோக வால்வு வைத்தார்கள். அப்போதுதான் காகிதத்தின் அருமை தெரிந்தது. சம்மதப் படிவத்தில் "நோயாளிக்கு உறவு" என்று ஒரு கட்டம். வளர்ப்புத் தந்தை என்று எழுதினேன். "தத்துப் பத்திரம் எங்கே?" என்றார்கள். தத்து இல்லை என்றேன். "அப்போ நீங்க யார்?" நியாயமான கேள்விதான். குழுவின் ஆணை என் பையில் இருந்தது, ஆனால் அது முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. புதுப்பித்த ஆணை தர்மபுரியில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. காப்பீட்டுத் திட்டத்திலும் எங்கள் ரேஷன் அட்டையில் அவன் பெயர் இல்லை என்று இழுபறி. பாதுகாப்பு அலகில் ஒரு அம்மா அன்றைக்கே அலைந்து கடிதம் வாங்கி அனுப்பினார். ஆபரேஷன் நாலு நாள் தள்ளிப்போனது.

அதன்பிறகு ஒரு பிளாஸ்டிக் பைல் போட்டேன். ஆணையின் நகல், அது முடிகிற தேதி மேலட்டையில் பெரிய எழுத்தில், இதற்கு முன் எடுத்த எக்கோக்கள், ஆதார், பள்ளிச் சான்று, வைத்த வால்வின் விவர அட்டை, பாதுகாப்பு அலகின் எண், குழந்தைகள் உதவி எண் 1098. ஆணை முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மருத்துவச் சிகிச்சைக்குச் சம்மதம் தர நமக்கு என்ன அதிகாரம் என்று குழுவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. இன்னொன்று, பிள்ளை சட்டப்படி தத்துக்கு உரியவனாக இருந்தால், இப்போது இரண்டு வருடம் வளர்த்தவர்கள் தத்துக்குக் கேட்கலாம். எங்கள் காலத்தில் அது ஐந்து வருடம்.

அந்த ஆபரேஷன் நாளில் ஒரு நர்ஸ் வெளியே வந்து, "பையனோட அப்பா யாருங்க? உள்ளே போறதுக்கு முன்னாடி அப்பாவைப் பார்க்கணும்னு கேக்குறான்" என்றார். அதுவரை சாரில் இருந்து அண்ணே ஆகியிருந்தேன், கடைப் பையன்களைப் பார்த்து. அப்பா என்று என் முகத்தைப் பார்த்து அவன் கடைசிவரை கூப்பிட்டதில்லை. அந்த நர்ஸ் சொல்லிக் கேட்டதோடு சரி.

உலோக வால்வு சத்தம் போடும். எல்லோருக்கும் வெளியே கேட்காது, அவன் ஒல்லி, நன்றாகவே கேட்கும். ராத்திரி தெரு அடங்கிய பிறகு டிக் டிக் டிக் என்று. முதல் வாரம் என் மனைவி தூங்கவில்லை. அவனுக்கும் கூச்சம், வகுப்பில் பரீட்சை நேரத்தில் பையன்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று. வண்டி இன்ஜினில் வால்வைத் தள்ளும் டேப்பட்டும் இப்படித்தான் டிக் டிக் என்னும். "டேப்பட் சத்தம்டா. ஸ்ப்ளெண்டருக்கு ஆயிரம் ரூபா குடுத்தாலும் இந்தச் சத்தம் வராது" என்று கடையில் ஒருநாள் சொன்னேன். அன்றில் இருந்து அதுவே பெயர். கஸ்டமர் வண்டியில் சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால், சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டி, "இதுவா பாருங்கண்ணே" என்பான்.

டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்: சத்தம் வரும்வரை நல்லது. சத்தம் மங்கினாலோ நின்றாலோ வால்வில் ரத்தம் உறைந்து அடைக்கிறது என்று அர்த்தம், நேரம் பார்க்காமல் ஓடி வரவேண்டும். அது உறையாமல் இருக்கத்தான் தினமும் வார்ஃபரின் மாத்திரை, ஆயுசுக்கும். ஐஎன்ஆர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை, அவன் மாதிரி இடது பக்க மைட்ரல் வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் ரத்தம் கசியும். கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றக் கூடாது. தலைவலி என்று மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கக் கூடாது. பல் பிடுங்குவதற்கு முன் வால்வு இருப்பதைச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தைப் பஞ்சு வைத்து வெகுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இத்தனையும் எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். கடையில் பெரியவனுக்குத் தெரியும்.

பாட்டிக்குத் தெரியாது.

இதைத்தான் சொல்ல வந்தேன், இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பாட்டி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பஸ் மாறி வருவார். மடியில் நிலக்கடலையோ கொய்யாவோ இருக்கும். சின்னவன் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவான். பத்தாம் வகுப்புப் படிக்கும்போதும் அப்படித்தான். எனக்கு அது பிடிக்காது. மரியாதையாக வாங்க என்பேன், டீ வாங்கிக் கொடுப்பேன், பிறகு ஏதாவது வண்டியை எடுத்துக்கொண்டு டிரையல் பார்க்கப் போய்விடுவேன். என் மனைவி ஒருநாள் கேட்டாள், "அந்தப் பாட்டி வந்தா மட்டும் உனக்கு எப்படி டிரையல் வருது?" பதில் சொல்லவில்லை. ஊசிக்கு ஓடுவது நான், ராத்திரி சத்தத்தை எண்ணுவது நான், அவன் சிரிக்கிற அந்தச் சிரிப்பு மட்டும் அங்கே போகிறது என்று ஒரு காந்தல். அவரை உட்கார வைத்து இது இன்ன மாத்திரை, இந்தச் சத்தம் நின்றால் ஆபத்து என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் ஒரு நினைப்பு.

2023 ஆடியில், குழுவுக்கும் சொல்லிவிட்டு, பதினெட்டுக்குப் பாட்டி ஊருக்குப் போனான். 16 வயது. அந்த வருடம்தான் மாத்திரையை அவன் பொறுப்பிலேயே விட்டிருந்தோம். மீசை முளைக்கிற பையனிடம் தினமும் மாத்திரை போட்டாயா என்று கேட்டால் கோபம் வருகிறது. ஜூலை மாத ரத்தப் பரிசோதனையை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளியவன் நான். மாத்திரையைப் பையில் வைத்து அனுப்பினோம். ஐந்து நாள் என்று போனவன், நோன்பு, உறவு, ஒகேனக்கல் என்று ஒன்பது நாள் இருந்தான். கடைசி ராத்திரி மூச்சு வாங்கியிருக்கிறது. விடியட்டும் என்று பார்த்திருக்கிறார்கள். 108 வந்து பென்னாகரம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. பையில் மாத்திரை அட்டை அப்படியே இருந்தது, இரண்டு மட்டும் எடுத்திருந்தான்.

முதலில் பாதுகாப்பு அலகுக்குத்தான் போன் செய்தேன், அது செய்தே ஆகவேண்டிய காரியம். எல்லாக் காகிதமும் முடிந்து உடலை வாங்கும்போது மறுபடியும் அதே கட்டம், உறவு. பாட்டி கைநாட்டு வைத்தார். நான் பைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணம் ஆகாத பையன் என்று புதைத்தார்கள். அவர்கள் ஊர், அவர்கள் முறை. நான் கூட்டத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றேன். மண் போடும் நேரத்தில் யார் யார் என்ன முறை என்று ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டி கையை நீட்டித் தேடினார். "மெக்கானிக் எங்க? நீ வா சாமி, நீ போடாம யாரு போடுவா?" பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாய்மாமன் முறைன்னு வச்சுக்கலாம்" என்றார். ஆறு வருடமாக எந்த அலுவலகத்தாலும் நிரப்ப முடியாத கட்டத்தை அவர் அரை நிமிடத்தில் நிரப்பினார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பாட்டி சாதாரணமாகச் சொன்னார். "சாகறதுக்கு மூணு நாள் முன்னால இருந்தே நெஞ்சு சத்தம் கம்மியாயிடுச்சு சாமி. ராத்திரி காதை வச்சுப் பார்த்தேன், கேக்கல. நல்லாயிடுச்சு, இனிமே மாத்திரை எதுக்குன்னு நானும்தான் சொன்னேன்." கண் தெரியாத மனுசி அந்தச் சத்தத்தை என்னைவிடக் கூர்மையாகக் கேட்டிருக்கிறார். என்ன அர்த்தம் என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. நான் என்ன செய்தேன் என்பதை அவரிடம் இன்றுவரை முழுசாகச் சொல்லவில்லை. சத்தம் நின்றால் ஆபத்து என்று மட்டும், எட்டு மாதம் கழித்துச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியாதே சாமி" என்றார். எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஊசிக்கும் அதே கணக்கு. சான்றிதழ் வாங்கிய வாரத்தில் போனில் நினைவூட்டல் அடித்தது. அழிக்கவில்லை. இப்போதும் 21 நாளைக்கு ஒருமுறை அடிக்கிறது. அன்றைக்குக் கடையை ஒரு மணி நேரம் முன்னால் பூட்டிவிட்டு வருகிறேன், வேறொன்றும் செய்வதில்லை. அவன் டப்பாவை என் மனைவி இன்னும் ரொப்பி வைக்கிறாள். கடைக்கு வரும் பிள்ளைகள் தின்னுகிறார்கள்.

வளர்ப்புப் பிள்ளையை இழந்தவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: வேறு பிள்ளை எடுத்துக்கலாமே என்று சொல்லாதீர்கள். எங்களிடம் நிறையப் பேர் சொன்னார்கள், காரியம் முடிவதற்குள்ளேயே. ஒரே ஒரு கஸ்டமர், பேர்கூட எனக்குத் தெரியாது, அவன் மாட்டிக் கொடுத்த கிளட்ச் கேபிள் இன்னும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அது போதுமானதாக இருந்தது.

வளர்க்கிறவர்களுக்கு என்ன சொல்வது? பிள்ளைக்குச் சொந்தம் என்று யார் வந்தாலும், டீ கொடுப்பதோடு விடாமல் உட்கார வைத்துப் பேசுங்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் மாத்திரையைக் கையில் கொடுத்து, இத்தனை மணிக்கு என்று வெயிலைக் காட்டிச் சொல்லுங்கள். பிள்ளை அவர்களோடு சிரித்தால் சிரிக்கட்டும்.

பாட்டி இப்போதும் வருகிறார், அதே மூன்று பஸ். நான் டிரையல் போவதில்லை. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கையோடு கூட்டி வந்திருந்தார். எட்டு வயது, முழங்கால் வீக்கம், அதற்கு முந்தின வாரம் கணுக்காலாம். "எல்லாரும் தண்ணின்னு சொல்றாங்க. தொண்டை வலி வந்துச்சான்னு நான்தான் கேட்டேன். வந்துச்சாம். நீ பாரு சாமி" என்றார். கடையைப் பெரியவனிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் தர்மபுரி பஸ் ஏறினோம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை எக்கோ.